நிலவறையின் வெப்பநிலை

ஒயின் பாட்டிலைப் படுக்க வைத்துத்தான் பாதுகாக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். காரணம் எளியது. பாட்டிலின் வாயை அடைத்திருக்கும் கார்க் என்பது ஒரு மரத்தின் பட்டை. நனைந்திருக்கும்வரை அது உப்பி நிற்கும்; உலர்ந்தால் சுருங்கும். சுருங்கிய கார்க்கின் ஓரமாகக் காற்று உள்ளே நுழையும். காற்று நுழைந்த ஒயின் முதலில் மணத்தை இழக்கும், பின்னர் நிறத்தை இழக்கும், இறுதியில் காடியாகிவிடும். பாட்டில் படுத்திருந்தால் ஒயின் எப்போதும் கார்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான்.

இதிலிருந்து தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும், ஐயா. நேற்று நீங்கள் அந்த வீட்டுக் கூடத்தில் நின்று, உங்கள் உதவியாளரிடம், "ஜெனரேட்டர்ல ஏதோ கோளாறுன்னு எழுதிக்கப்பா" என்று சொன்னபோது நான் கதவருகே நின்றிருந்தேன். அந்த ஜெனரேட்டரைப் பராமரிப்பவன் நான். அதற்கு எண்ணெய் மாற்றுபவனும் நான், வடிகட்டியைத் துடைப்பவனும் நான். அதில் எந்தக் கோளாறும் இல்லை. பெரியய்யா இறந்த அந்த மதியத்திலும் இல்லை. மேல்மாடியில் அவருடைய மூச்சு எவ்வாறு நின்றது என்பதைச் சரியாக அறிய வேண்டுமானால் நிலவறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆதலால்தான் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை.

எனக்கு எழுத்து வந்தது நாற்பது வயதுக்கு மேல். அதற்கு முன்பு நான் சுமை தூக்கினேன். முதலாளியின் வீட்டுக்கு அடியில் நிலவறை தோண்டியபோது மண் சுமந்தவர்களில் நானும் ஒருவன். வேலை முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். நான் காவலுக்கு நிறுத்தப்பட்டேன். முதலாளி பல நாடுகளிலிருந்து ஒயின் வாங்கி அனுப்புவார். அவற்றை இறக்கி அடுக்குவது என் பொறுப்பாயிற்று. அடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஏன் அவ்வாறு அடுக்குகிறோம் என்பதும் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாலை வகுப்பில் சேர்ந்தேன். சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட மேசையில் என் முழங்கால் இடித்தது. ஆயினும் நான் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.

எல்லாப் பாடநூல்களிலும் அறிவியல் பாடநூலே எனக்குப் பிடித்தது. அதில் யாரும் கத்துவதில்லை. வெப்பப்படுத்தினால் பொருள்கள் விரிவடையும் என்று அது சொல்லும். விரிவடையலாம் என்றோ, விரிவடைந்தாலும் அடையும் என்றோ சொல்லாது. நானும் அவ்வாறே பேசக் கற்றேன். என் மனைவி இதை அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்: "சாப்பாடு போடட்டுமான்னு கேட்டா, 'ஆம், பரிமாறுக'ங்கிறார். இவரை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைப் பண்ண?" அவள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. பேச்சில் ஒழுங்கு வந்தால் செயலிலும் ஒழுங்கு வரும்.

நல்ல நிலவறை என்பது எதுவுமே நடக்காத இடம். அங்கே வெளிச்சம் நுழையக் கூடாது. வெளிச்சம் பட்ட ஒயினில் ஈரத்துணியின் வாடை ஏறும். காற்று மிகவும் உலர்ந்திருந்தால் கார்க் கெடும், மிகவும் ஈரமாக இருந்தால் லேபிளில் பூஞ்சை பிடிக்கும். அதிர்வு இருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் அடியில் படிந்த வண்டல் கலங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம். வெப்பம் ஏறினால் ஒயின் விரிவடைந்து கார்க்கை வெளியே தள்ளும். இறங்கினால் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஏறி இறங்கினால் பாட்டில் மூச்சுவிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூச்சுவிடும் பாட்டில் வெகுநாள் நிலைக்காது. எங்கள் நிலவறையில் பதின்மூன்று டிகிரி. கதவருகே தொங்கும் வெப்பமானியின் ஊசி அந்தக் கோட்டைவிட்டு நகர்ந்து நான் கண்டதில்லை, அந்த மதியம் வரை.

இனிப் பெரியய்யாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் முதலாளியின் அண்ணன். மணமாகாதவர். நுரையீரல் கெட்டுப்போய், மேல்மாடி அறையில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குத் தரும் ஒரு மெஷின் அவர் தலைமாட்டில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். பகலில் ஒரு சிஸ்டர் வந்து பார்த்துக்கொள்வார். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை இயக்க வேண்டும். ஆனால் அது சிறியது. மேல்மாடி மெஷினையும் நிலவறைக் குளிரூட்டியையும் ஒருங்கே அதனால் இழுக்க முடியாது. ஆதலால் மாடிப்படியின் அடியில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்தியிருந்தார்கள். கைப்பிடியை மேலே தள்ளினால் மின்சாரம் மாடிக்குப் போகும். கீழே இறக்கினால் நிலவறைக்குப் போகும். பொருத்திய அன்று முதலாளி என்னிடம், "எது எப்படி இருந்தாலும் முதல்ல அண்ணன். கரண்ட் போனா கைப்பிடி மேலதான் இருக்கணும், புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். அதை மறந்துவிட்டேன் என்று நான் சொல்லப் போவதில்லை.

பெரியய்யா எனக்கு வைத்த பெயர் 'புலவர்'. பாட்டில்களின் நலம் சொல்ல நான் தினமும் மாடிக்குப் போவதுண்டு. முதலாளி ஊரில் இல்லாதபோது கேட்பதற்கு வேறு யாருமில்லை.

"வாங்க புலவரே. உங்க புள்ளைங்கள்லாம் நல்லாத் தூங்குதா?"

"எல்லாம் நலமாக உள்ளன, பெரியய்யா."

"நானும் படுத்துத்தான் கிடக்கிறேன். சன்னலைச் சாத்தி இருட்டுலதான் கிடக்கிறேன். ஆடாம அசையாமத்தான் கிடக்கிறேன். எனக்கு மட்டும் ஏன்யா சுவை ஏறவே மாட்டேங்குது?"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிறிது சிந்தித்து, "இந்த அறையின் வெப்பநிலை சீராக இல்லை, பெரியய்யா" என்றேன். இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அந்த அறை மேற்குப் பார்த்த அறை. மதியத்துக்குப் பின் சுவர் கொதிக்கும்.

அவர் மீது எனக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. நடக்க முடிந்த காலத்தில் ஒருமுறை அவர் நிலவறைக்கு இறங்கி வந்தார். முதலாளியின் மகள் பிறந்த ஆண்டில் வாங்கி, அவள் திருமணத்துக்காகப் படுக்க வைத்திருந்த ஒயினில் ஒன்றை உருவி எடுத்து, விளக்குக்கு எதிரே பிடித்து, மருந்து பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்கினார். "உள்ள ஏதோ மிதக்குதே, கெட்டுப்போச்சா?" என்றார். பல ஆண்டுகள் படிந்த வண்டல் ஒரு நொடியில் எழுந்தது. நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி மீண்டும் படுக்க வைத்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கோபம் இல்லை. அறியாதவர்கள் மீது கோபப்படக் கூடாது.

அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அதே ஒயினில் ஒரு பாட்டில் கேட்டார்.

"ஒரு வாய் போதும்பா. என் தம்பி பொண்ணு கல்யாணம் வரைக்கும் நான் எங்க இருக்கப் போறேன்?"

"அது இன்னும் முதிரவில்லை, பெரியய்யா."

"நான் முதிர்ந்துட்டேன்ல? ரெண்டுல ஒண்ணு முதிர்ந்தாப் போதாதா?"

முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். தொலைபேசியில் கேட்கவும் செய்தேன். வண்டிச் சத்தத்துக்கு நடுவே முதலாளி, "அண்ணன் கேட்டு இல்லேன்னு சொல்வாங்களா? குடுத்துடுப்பா, இதுக்கெல்லாமா போன் பண்ணுவ?" என்றார். அது அவசரத்தில் வந்த சொல் என்று எனக்குப் பட்டது. ஆதலால் அதை நான் மேல்மாடிக்குக் கொண்டு செல்லவில்லை. பெரியய்யா மறுநாளும் கேட்டார். "என்ன சொன்னான் என் தம்பி?" முதலாளி இன்னும் முடிவு செய்யவில்லை என்று விடையளித்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் கேட்கவில்லை.

அந்த நாள் மிகவும் வெப்பமானது. முதலாளியும் அவர் மனைவியும் வெளியூரில் இருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் சிஸ்டர் படியிறங்கி வந்தார்.

"அண்ணே, அவசரத்துக்கு வெச்சிருக்கிற ஆக்சிஜன் சிலிண்டர் காலி. கம்பெனிக்காரன்கிட்ட காலையிலேருந்து கத்துறேன், வண்டி இல்லேங்கிறான். நானே ஆட்டோ பிடிச்சுப் போய் மாத்திட்டு வந்துடறேன். கரண்ட் போச்சுன்னா?"

"ஜெனரேட்டரை இயக்கி, கைப்பிடியை மேலே தள்ளுவேன்."

"அதேதான். மெஷின் இல்லேன்னா அவரால கொஞ்ச நேரம்கூடத் தாங்க முடியாது. விளையாட்டில்ல, அண்ணே. உங்களை நம்பித்தான் போறேன்."

நான் எதிலும் விளையாடுபவன் அல்லன் என்று சொன்னேன். "அது தெரியும்" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தப் பெண் மீது எந்தத் தவறும் இல்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் போன சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. நான் ஜெனரேட்டரை இயக்கினேன். முதல் இழுப்பிலேயே இயங்கியது. கைப்பிடியை மேலே தள்ளினேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பெரியய்யாவே கை நீட்டிப் பொத்தானை அழுத்தியிருந்தார்; மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரியய்யா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது.

பிறகு நிலவறைக்குப் போனேன். குளிரூட்டி நின்றிருந்ததால் அங்கே ஒருவித அமைதி. ஊசி பதின்மூன்றில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் அமர்ந்தேன். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எவ்வாறு அறிவது? திறந்து பார்த்தேன். ஊசி சற்று நகர்ந்திருந்தது. சாத்தினேன். மீண்டும் திறந்தேன். இன்னும் நகர்ந்திருந்தது. படிக்கட்டு வழியாக இறங்கிய அனல் என் முதுகைத் தாண்டி உள்ளே செல்வதை நான் உணர்ந்தேன். ஆயினும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தீக்காயம் பட்டவரின் கட்டைப் பிரித்துப் பார்ப்பது போல மீண்டும் மீண்டும் பார்த்தேன். ஊசி பதினைந்தைத் தொட்டது. பிறகு பதினாறு. பிறகு அதையும் தாண்டியது.

என் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சூடேறிக் கெட்ட ஒயினை மீட்க உலகத்தில் எந்த வழியும் இல்லை. அதை மீண்டும் குளிர வைக்கலாம். ஆனால் அது பழைய ஒயின் ஆகாது. மனிதர்கள் அவ்வாறல்லர். பெரியய்யாவுக்கு மூச்சு முட்டியதையும், முகம் நீலம் பாரித்ததையும், சிறிது நேரத்தில் தெளிந்து எழுந்து கிண்டல் செய்ததையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்று மீளக்கூடியது, மற்றொன்று மீளாதது. இரண்டில் எதை முதலில் காக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. நான் மாடிப்படியின் அடிக்குப் போய்க் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். ஊசி பழைய இடத்துக்கு வரும்வரை மட்டும் என்று எனக்கு நானே வரையறுத்துக்கொண்டேன்.

குளிரூட்டி ஓடத் தொடங்கியது. நான் உள்ளே நின்று ஊசியைக் கவனித்தேன். மாடியில் மெஷின் பீப் பீப் என்று கத்துவது மெலிதாகக் கேட்டது. மின்சாரம் நின்றால் அது அவ்வாறு கத்தும். அது எனக்குத் தொந்தரவாக இல்லை. தொந்தரவாக இருந்தது வேறொன்று. பெரியய்யாவின் கட்டிலருகே ஒரு கைத்தடி இருக்கும். யாரையேனும் அழைக்க வேண்டுமானால் அதனால் சுவரைத் தட்டுவார். அவர் கட்டில் ஒட்டியிருக்கும் சுவர்தான் கூடத்தின் வழியாக இறங்கி நிலவறையின் பின்சுவராகிறது. அந்தச் சுவரில்தான் திருமண ஒயின் அடுக்கப்பட்டிருந்தது. நான் மேல் வரிசையில் ஒரு பாட்டிலின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டலும் விரலில் தெரிந்தது.

ஆகவே மேலே போனேன்.

பெரியய்யா எழுந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு தோள்களும் காதுவரை ஏறி இறங்கின. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. அதில் எதுவும் வரவில்லை.

"புலவரே... மெஷினு..."

"தெரியும், பெரியய்யா. நிலவறையில் வெப்பம் ஏறிவிட்டது. ஊசி பதின்மூன்றுக்கு இறங்கியதும் மாற்றிவிடுகிறேன். தயவுசெய்து சுவரைத் தட்டாதீர்கள். வண்டல் கலங்குகிறது."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது அவருக்கு முழுமையாக விளங்கியது என்றே நினைக்கிறேன். அவர் படித்தவர். சற்று மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"கீழ... கரண்ட் இருக்குல்ல?"

"இருக்கிறது."

"அப்ப என்னை... கீழ தூக்கிட்டுப் போயிடு... மெஷினையும்... அங்கயே சொருகு... உன் புள்ளைங்களோட... நானும் ஒரு ஓரமா..."

அவர் சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். இந்த இடத்தை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஐயா; ஏனெனில் அவர் சொன்னது செய்யக்கூடியதே. நான் சுமை தூக்கியவன். அவர் ஒரு மூட்டை நெல்லின் எடைகூட இல்லை. மெஷினுக்குச் சக்கரம் உண்டு. குளிரூட்டியின் செருகியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மெஷினைச் செருகியிருக்கலாம். அதைவிட எளிதாக, படியிறங்கிக் கைப்பிடியை மேலே தள்ளியிருக்கலாம். நான் நின்ற இடத்திலேயே நின்று அவர் யோசனையை ஆராய்ந்தேன். மனித உடல் வெப்பத்தை வெளியிடும். மூச்சில் ஈரம் இருக்கிறது. அந்த மெஷின் ஓடும்போது தரை அதிரும். நிலவறைக்கு ஆகாதவை எவையோ அவை அனைத்தையும் நானே என் கையால் உள்ளே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

"அது பொருத்தமாக இராது, பெரியய்யா" என்றேன்.

அவர் மீண்டும் தடியை ஓங்கினார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கவில்லை, பிடுங்க வேண்டிய அளவுக்கு அவர் பிடியில் வலு இல்லை. எட்டாத தூரத்தில் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அவர் என் சட்டையைப் பற்றினார். விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தலையணையைச் சரிசெய்து, அவரைப் படுக்க வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன். நோயாளிக்கு அமைதி நல்லது.

நிலவறையில் மீண்டும் பாட்டிலின் கழுத்தில் விரலை வைத்தேன். இம்முறை தட்டல் மெலிதாக இருந்தது. கையால் தட்டியிருக்க வேண்டும். ஒன்று வந்தது, பிறகு வெகுநேரம் இல்லை, பிறகு மற்றொன்று. அதன்பின் எதுவும் வரவில்லை. விரலுக்கு அடியில் கண்ணாடி குளிர்ச்சியாக, முற்றிலும் அசைவின்றி இருந்தது. ஊசியும் மெல்ல மெல்ல இறங்கிப் பதின்மூன்றில் நின்றது. நான் வரையறுத்துக்கொண்டபடியே மாடிப்படியின் அடிக்குப் போய்க் கைப்பிடியை மேலே தள்ளினேன்.

மாடிக்குப் போனபோது அவருடைய கண்கள் கதவைப் பார்த்தபடி திறந்திருந்தன. கைத்தடியை எடுத்து அதன் பழைய இடத்தில், அவர் கைக்கு அருகில் வைத்தேன். எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் வைப்பது என் வழக்கம். மின்சாரம் நின்று திரும்பினால் அந்த மெஷின் தானாக ஓடாது. அதன் பொத்தானை அழுத்த வேண்டும். அது சிஸ்டரின் வேலை. நான் தொடவில்லை. அதனால்தான் சிலிண்டரோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்த அந்தப் பெண், ஜெனரேட்டர் ஓடுவதையும், கைப்பிடி மேலே இருப்பதையும், மெஷின் மட்டும் ஓடாமல் நிற்பதையும் கண்டார். அவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "என்னண்ணே ஆச்சு? நீங்க இங்கதானே இருந்தீங்க? சொல்லுங்கண்ணே" என்று அழுதார். "தெரியவில்லை" என்றேன். இந்த முழு விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. நீங்கள் ஜெனரேட்டரைச் சந்தேகித்ததும் அதனால்தான்.

நேற்று மாலை, நீங்கள் புறப்பட்ட பின்பு, துக்கம் கேட்க ஒயின் வணிகர் வந்தார்; முதலாளிக்குப் பல ஆண்டுகளாக ஒயின் தருவிப்பவர். முதலாளி அண்ணனின் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆதலால் நானே அவரை நிலவறைக்கு அழைத்துச் சென்றேன். குளிரூட்டி நின்றுபோய் ஊசி பதினாறைத் தாண்டினால் என்ன நேரும் என்று பொதுவாகக் கேட்டேன்.

அவர் என் முதுகில் தட்டி, "அட, நீ பார்க்கிறது காத்தோட சூடுப்பா. ஒயினோட சூடு இல்ல" என்றார். "அறையில காத்து சட்டுனு சூடாகும். பாட்டிலுக்குள்ள இருக்கிறது அவ்வளவு சீக்கிரம் அசையாது. பூமிக்கு அடியில, இவ்வளவு தடிச்ச சுவருக்குள்ள, ஒருநாள் முழுக்கக் கரண்ட் இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது. கதவைச் சாத்திட்டுச் சும்மா இருந்தாப் போதும். தொறந்து தொறந்து பார்த்தாத்தான் ஊசி ஏறும்."

பின்னர் அவர் திருமண ஒயினில் ஒன்றை மிகவும் கவனமாக, கிடைவாக்கிலேயே எடுத்து, கார்க்கின் ஓரத்தை விரலால் தடவி, கசிவு ஏதும் இல்லை என்று காட்டினார். "பாரு, அப்படியே இருக்கு. நீ ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தாலும் அப்படியேதான் இருந்திருக்கும்."

இரவு முழுவதும் அவர் சொன்னதை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியாகச் சொன்ன இரண்டில் முதலாவது, கண்ணால் கண்டது. இரண்டாவது, ஊகம். நான் எதுவும் செய்யாமல் இருந்த அந்த மதியத்தை யாரும் பார்த்ததில்லை. ஏனெனில் அப்படி ஒரு மதியம் இல்லை. கைப்பிடியை இறக்கியது நான். தடியை வாங்கியது நான். அவர் கேட்டதை மறுத்தது நான். இவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்டினால் இடுகிறேன், எனக்குக் கையெழுத்திடத் தெரியும். ஆனால் ஊகங்களை எழுதாதீர்கள், ஐயா. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: ஒயின் கெடவில்லை.